சாப்போவைக் காப்பாற்றியவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1864 மே 2ஆம் தேதி, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். வானத்தைப் படமெடுத்துச் சிறுகோள் தேடும் வழி அப்போது வந்திருக்கவில்லை. விண்மீன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் புள்ளிகளை ஒவ்வொன்றாக அதோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால், அடுத்தடுத்த இரவுகளில் அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஆய்வகத்தில் போக்சன் கண்ட சிறுகோளுக்கு ‘ஏசியா’ என்று பெயர். 1864இல் கிடைத்தது வரிசையில் 80ஆவது. அதற்கு ‘சாப்போ’ என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக்கு ஒருமுறை அது இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது.

சென்னையில் இருந்து வானத்தில் ஏறிய அந்தப் பெயருக்கு உரியவர், அதற்கு ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தீவு ஒன்றில் யாழ் மீட்டிப் பாடிய பெண் கவி. 1864இல் அவருடைய கவிதைநூலின் ஒரு படிகூட உலகத்தின் எந்த நூலகத்திலும் இல்லை. முழுமையாக ஒரு பாட்டு, பெரும்பகுதி தேறிய இன்னொரு பாட்டு, பிறர் நூல்களில் மேற்கோளாகச் சிதறிக் கிடந்த துண்டுகள் ஆகியவையே அன்று கையில் இருந்தவை. நூலே இல்லாத ஒருவரின் பெயர் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? யார் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எதற்காக? இந்த உரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. பாராட்டியவர்களைக் காட்டிலும், தங்கள் சொந்த வேலைக்காக அவர் வரிகளை எடுத்தாண்டவர்களே அவரைக் காப்பாற்றினார்கள் என்பது இதன் துணிபு.

சாப்போ பிறந்தது கி.மு. 630ஐ ஒட்டி. ஊர் லெஸ்போஸ் தீவு; இன்றைய துருக்கிக் கரைக்கு எதிரே கிடப்பது. பாடியது அந்தத் தீவின் ஏயோலிய வழக்கில். அதே தீவின் அல்கையஸ் அவர் காலத்துக் கவி. காரக்ஸோஸ், லாரிகோஸ், எரிகியோஸ் என மூன்று சகோதரர்களைப் பழைய நூல்கள் குறிக்கின்றன. கிளேயிஸ் என்ற மகளை அவர் பாட்டே பேசுகிறது. நாட்டுக் குழப்பத்தில் ஒருமுறை சிசிலிக்குப் போக நேர்ந்ததைப் பாரோஸ் தீவின் சலவைக்கல் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கது இவ்வளவே. இதற்கு மேல் கட்டப்பட்டவை பெரும்பாலும் கதை.

பாட்டின் புகழுக்கு வேண்டிய சாட்சி உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் நீர்க்குடம் ஒன்றில், நாற்காலியில் அமர்ந்து சுருளைப் பிரித்துப் படிக்கும் பெண்ணைக் குயவன் தீட்டி, பக்கத்தில் சாப்போவின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறான். லெஸ்போஸின் மிட்டிலீன் நகரத்தார் அவரைப் பெண்ணாக இருந்தும் போற்றினார்கள் என்று அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுகிறார். அந்த ‘பெண்ணாக இருந்தும்’ நெடுங்காலம் அவரைத் தொடர்ந்தது. அதே நகரம் தன் நாணயத்தில் அவர் உருவைப் பொறித்தது. சிராக்கூஸ் நகர மன்றத்தில் சிலானியோன் வார்த்த சாப்போ சிலை நின்றது. ரோமானிய ஆளுநன் வெர்ரெஸ் அதைக் கவர்ந்துபோக, அவன்மீது வழக்காடிய சிசரோ அந்தத் திருட்டையும் குற்றப்பட்டியலில் சேர்த்தார். பீடம் மட்டும் மிஞ்சியது. அதில் கிரேக்கப் பாவெழுத்து ஒன்று இருந்ததையும் சிசரோவே சொல்கிறார்.

அலெக்சாந்திரியா நூலகத்து அறிஞர்கள் சாப்போவின் பாட்டுகளை யாப்பு முறைப்படி பிரித்துத் தொகுத்தார்கள். ஒன்பது சுருள்கள் என்பது மரபு. முதற்சுருளில் மட்டும் 1,320 அடிகள் இருந்தன என்பதை, எகிப்தில் கிடைத்த ஒரு படியின் இறுதிக் குறிப்பு காட்டுகிறது. இன்று எல்லாத் துண்டுகளையும் கூட்டினாலும் ஏறத்தாழ 650 அடிதான் தேறும். ஒரு சுருளில் பாதி.

இந்தப் பாதியைக் காத்தவர்களில் முதல் வரிசை ஆசிரியர்கள். ஹாலிகர்னாஸஸ் ஊர் டயோனிசியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் உரைநடையும் பேச்சுக்கலையும் கற்பித்தவர். சொற்களை உரசலின்றி இணைப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. இழைத்த மரம்போல் வழவழப்பான நடைக்கு எடுத்துக்காட்டாக, அஃப்ரொடிட்டியை அழைக்கும் சாப்போவின் பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை தம் நூலில் எழுதிவைத்தார். பாடம் நடத்த ஓர் அடி போதும் என்று அவர் நினைத்திருந்தால், முழுமையாக நமக்குக் கிடைத்த அந்த ஒரே பாட்டும் இல்லை. காதல் வேண்டுதலாகத் தொடங்கும் அதில், தேவி பழைய சந்திப்பு ஒன்றில் வந்த விதமும், அன்று அவள் கேட்ட கேள்விகளும் வருகின்றன. தேவியின் குரல் சற்றே கேலியாகச் சாப்போவையே பெயர் சொல்லி விளிக்கிறது. தன்னைத் தானே எட்ட நின்று பார்க்கும் இந்தத் துணிவு அந்தக் காலத்துக் கவிதையில் அபூர்வம்.

அடுத்தவர் லோங்கினஸ் என்ற பெயரால் அறியப்படும் திறனாய்வாளர். ‘உயர்நடை பற்றி’ என்ற நூலில் அவர் எடுத்தாண்ட பாட்டு, நேசிக்கும் பெண்ணை எதிரே கண்ட கணத்தில் உடல் படும் பாட்டைச் சொல்வது: நாக்கு செயலற்றுப் போகிறது, தோலடியில் தீ பரவுகிறது, கண் இருள்கிறது, காது இரைகிறது, வியர்க்கிறது, நிறம் மாறுகிறது. எதையெதைத் தேர்ந்தெடுத்தார், அவற்றை எப்படி ஓருடலாகக் கோத்தார் என்பதே மேதைமை என்று லோங்கினஸ் விளக்குகிறார். சாப்போவின் கலையைப் பற்றி இதைவிடக் கூர்மையான திறனாய்வு பின்னால் அதிகம் வரவில்லை. அவர் பேசுவது முழுக்கப் பாட்டின் கட்டுமானத்தைப் பற்றி. பாடியவரின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இதே பாட்டு வைத்தியர்களிடமும் போனது. செலூக்கஸ் மன்னனின் மகன் அந்தியோக்கஸ் நோய் தெரியாமல் படுத்துக்கிடந்த கதையைப் புளூட்டார்க் சொல்கிறார். வைத்தியர் எரசிஸ்திராத்தஸ் அறையிலேயே உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது இளவரசனின் முகத்தைக் கவனிக்கிறார். சிற்றன்னை ஸ்திராத்தோனிக்கே வரும்போது மட்டும் குரல் தடைபட்டு, முகம் சிவந்து, திடீரென வியர்த்து, நாடி தாறுமாறாக ஓடுகிறது. இவை சாப்போ சொன்ன குறிகள் என்று புளூட்டார்க் பெயரிட்டே எழுதுகிறார். ஒரு பெண்ணின் பாட்டு நோய்க்குறிப் பட்டியலாக நின்று பயன்பட்ட இடம் இது. உண்மை தெரிந்த மன்னன் தன் மனைவியை மகனுக்கே மணமுடித்துக் கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட், பிறகு ஆங்ர் எனப் பிரெஞ்சு ஓவியர்கள் அந்தக் கட்டிலருகுக் காட்சியைத் தீட்டினார்கள்.

ஆனால் சொற்களைவிடத் தொலைவு போனது அவர் பாட்டின் நடை. சாப்போவின் பெயரால் வழங்கும் நான்கடிச் செய்யுளின் கட்டு எளிது. முதல் மூன்று அடிகளும் பதினோரு அசை. நெடில், குறில், நெடில், அடுத்து எதுவும் வரலாம், பிறகு நெடில், குறில், குறில், நெடில், குறில், நெடில், கடைசியில் மீண்டும் எதுவும் வரலாம். நான்காவது அடி ஐந்தே அசை. நீண்டு நீண்டு மூன்று முறை போன மூச்சு நான்காவதில் சட்டென்று நின்றுவிடும். அல்கையஸும் இந்த வடிவத்தில் எழுதினார். பெயர் சாப்போவுக்கே நிலைத்தது.

ரோமில் கவி கத்துல்லஸ் லோங்கினஸுக்கும் முன்பே அந்த நோய்க்குறிப் பாட்டை இதே யாப்பில் இலத்தீனாக்கியிருந்தார். ஹோரஸ் தம் பாட்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றை இதில் அமைத்தார். கி.மு. 17இல் அகஸ்தஸ் நடத்திய நூற்றாண்டு விழாவுக்கு அவர் எழுதிய பாட்டும் இதே யாப்பு. 27 சிறுவரும் 27 சிறுமியரும் பலத்தீன் குன்றில் அப்பொல்லோ கோவிலின்முன் அதைப் பாடினார்கள். ஆறு நூற்றாண்டுக்கு முன் ஒரு தீவுப் பெண் பாடிய சந்தத்தில் ரோமப் பேரரசு தன் விழாவைக் கொண்டாடியது.

ஹோரஸ் ஒரு விதியையும் இறுக்கினார். பதினோரு அசை அடியில் பெரும்பாலும் ஐந்தாம் அசைக்குப்பின் சொல் முடிய வேண்டும் என்பது அது. சாப்போவிடம் இந்தக் கட்டாயம் இல்லை. இலத்தீன் பள்ளிகளில் ஹோரஸ் பாடமாக இருந்ததால், துறவிகளும் இதே முறையில் துதிப்பாட்டு எழுதப் பழகினார்கள். எட்டாம் நூற்றாண்டின் பவுல் தியாகோனுஸ் எழுதியதாகச் சொல்லப்படும் புனித யோவான் துதி அவற்றில் ஒன்று. அந்தப் பாட்டின் மெட்டில் மூன்று நெடிய அடிகளும் இடைநிறுத்தத்தில் பிளந்து ஆறு பகுதியாகின்றன; ஒவ்வொரு பகுதியும் முந்தையதைவிட ஒரு படி உயர்ந்த சுரத்தில் தொடங்குகிறது. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் பாடகச் சிறுவர்களுக்குச் சுரம் கற்பித்த குயிதோ தரெஸ்ஸோ இதைப் பிடித்துக்கொண்டார். ஆறு பகுதிகளின் முதல் அசைகளை எடுத்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று சுரங்களுக்குப் பெயர் வைத்தார். பிற்காலத்தில் ‘உத்’ ‘டோ’ ஆயிற்று. நான்காவது குறும் அடியின் இரண்டு முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சி’ வந்தது. இன்று சென்னையில் பியானோ முன் உட்கார்ந்து டோ, ரே, மி சொல்லும் பிள்ளையின் வாயில், மூன்று நீண்ட அடியும் ஒரு குறும் அடியுமான லெஸ்போஸ் யாப்பு இருக்கிறது. சாப்போவின் மரபில் மிக அதிகம் பேர் அன்றாடம் தொடுவதும், மிகக் குறைவான பேர் அறிந்ததும் இதுதான்.

நன்றாகத் தெரிந்ததோ பொய்க்கதை. ஏதென்ஸின் நகைச்சுவை நாடகக்காரர்கள் கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் சாப்போவை மேடைப் பாத்திரமாக்கினார்கள். ‘சாப்போ’ என்ற பெயரில் மட்டும் பல நாடகங்கள் இருந்தன. தீபிலஸ் என்பவர், சாப்போவுக்கு முந்திய கவி அர்க்கிலோக்கஸையும் பிந்திய கவி ஹிப்போனாக்ஸையும் அவருடைய காதலர்களாக்கிவிட்டார். ஃபாவோன் என்ற படகோட்டிமேல் மையல் கொண்டு, அவன் கைவிட்டதும் லெவ்காஸ் தீவின் வெண்பாறையிலிருந்து கடலில் குதித்தார் என்ற கதையும் இப்படி ஊறியதே. ஓவிட் பெயரால் வழங்கும் செய்யுட்கடிதம் ஒன்று, சாப்போவே ஃபாவோனுக்கு எழுதியதுபோல் இதை அழகாக்கி வைத்தது. பிறகு தடுப்பார் இல்லை. 1801இல் குரோ பாறை விளிம்பில் அவரை நிறுத்தி ஓவியம் தீட்டினார்; 1851இல் கூனோவின் முதல் ஓபரா பாரிஸ் மேடையில் அவரைக் குதிக்கவைத்தது. தன் கலையை இவ்வளவு அறிந்து, தன் பாட்டு நினைக்கப்படும் என்று நம்பிக்கையோடு பாடிய ஒருவரைக் கைவிடப்பட்ட பெண்ணாகச் சாகவைப்பது, அவர் எழுதியதன்மேல் நடந்த இரண்டாவது அழிவு என்றே சொல்ல வேண்டும்.

முதல் அழிவைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது: திருச்சபை, குறிப்பாக 1073இல் திருத்தந்தை ஏழாம் கிரகோரி, நூல்களை எரித்தது என்பது. அந்தக் காலத்துப் பதிவு எதுவும் இதற்கு இல்லை. சொன்னவர்கள் பதினாறாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள். உண்மையான காரணம் இன்னும் சாதாரணமானது, அதனாலேயே இன்னும் வேதனையானது. பள்ளிப்பாடம் ஏதென்ஸ் வழக்கைச் சுற்றி அமைந்தது. ஏயோலிய வழக்கு படிக்கக் கடினமாயிற்று. பாப்பிரஸ் சுருளிலிருந்து தோல் ஏட்டுக்கு நூல்கள் மாறிய நூற்றாண்டுகளில், பாடத்தில் இருந்தவற்றைப் படியெடுத்தார்கள். இல்லாதவை சுருளிலேயே தங்கி உளுத்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோப்பிளின் அறிஞர் செட்செஸ், சாப்போவையும் அவர் பாட்டையும் காலம் தின்றுவிட்டது என்று எழுதுகிறார். கொளுத்த யாரும் வேண்டியிருக்கவில்லை. படியெடுக்க ஆளில்லாமல் போனதே போதும்.

எழுதும் பெண்களுக்குச் சாப்போ முன்னோடி என்ற ஆதாரமாகவே பயன்பட்டார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் லோக்ரி ஊர் நோசிஸ், மிட்டிலீனுக்குக் கப்பலேறும் வழிப்போக்கனிடம் தன் பெயரைச் சாப்போவின் ஊரில் சொல்லச் சொல்லும் குறும்பா எழுதினார். 1405இல் பிரான்ஸில் கிறிஸ்தீன் த பிசான் தம் ‘பெண்களின் நகரம்’ நூலில் அவரை அறிஞராகக் குடியேற்றினார். 1681இல் ஆன் தாசியே, அனக்ரெயோனோடு சேர்த்துச் சாப்போவைப் பிரெஞ்சு உரைநடையாக்கினார். கிரேக்கம் ஆண்களின் உடைமை என்றிருந்த நூற்றாண்டில் ஒரு பெண் மூலத்தைப் படித்து, குறிப்பெழுதி வெளியிட்ட நூல் அது.

பெண்ணைப் பெண் நேசிப்பது சாப்போவின் பாட்டில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலருக்கு இது சங்கடமாகி, அவரைப் பெண்பள்ளித் தலைமையாசிரியையாக உருமாற்றி, நேசத்தை மாணவியர்மேல் கொண்ட வாத்சல்யமாக விளக்கினார்கள். அப்படியொரு பள்ளிக்கு அவர் வரிகளில் சான்று இல்லை. அதே காலத்தில், தங்கள் நேசத்துக்கு ஒரு பழைய குரல் தேடியவர்கள் நேராக அவரிடம் போனார்கள். லண்டனில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய ரெனே விவியன் 1903இல் அவரை மொழிபெயர்த்தார். மறு ஆண்டு நத்தலி பார்னியோடு லெஸ்போஸுக்கே சென்றார். அந்தத் தீவின் பெயரே பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கு உலகமெங்கும் பெயராகிவிட்டது. 2008இல் தீவுவாசிகள் சிலர் இதைத் தடுக்க வழக்குப் போட, ஏதென்ஸ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சாப்போ பிறந்த இடமாக உரிமை கொண்டாடும் எரெசோஸின் கடற்கரையில் ஆண்டுதோறும் செப்டம்பரில் பெண்கள் விழா நடக்கிறது. லெஸ்போஸ் குடும்பத்தில் வந்தவரும் 1979இல் நோபல் பெற்றவருமான ஒதிஸ்ஸெயஸ் எலித்திஸ், 1984இல் அவரை இன்றைய கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இவ்வளவும் பெரும்பாலும் மேற்கோள் துண்டுகளை வைத்து நடந்தவை. நிலைமையை மாற்றியது எகிப்தின் குப்பைமேடு.

கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டரில் இருந்த ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரில், 1896-97 குளிர்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் கிரென்ஃபெல், ஹண்ட் இருவரும் தோண்டத் தொடங்கினார்கள். மழை பெய்யாத ஊர். பல நூற்றாண்டுக் குப்பை மணலுக்கடியில் காய்ந்து கிடந்தது: வரி ரசீது, குத்தகைச் சீட்டு, வீட்டுக் கடிதம், அவற்றின் நடுவே கிழிந்த புத்தகங்கள். 1898இல் வெளிவந்த முதல் தொகுதியிலேயே, கடல்கடந்து போன சகோதரன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்ற சாப்போ பாட்டு இருந்தது. 1914இல் வந்த ஒரு தொகுதியில், படைகளை அழகென்று கொண்டாடுவோருக்கு எதிராக, ஒருவர் நேசிப்பதே அழகென்று ஹெலனைச் சாட்சி வைத்து வாதிடும் பாட்டு வந்தது. ஹோமரின் போர்க்களத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதற்கு மாற்றுக் கருத்துச் சொல்லும் அறிவு அதில் தெரிகிறது. வெறும் உணர்ச்சிக் கவி என்ற முத்திரை அதோடு உதிர்ந்திருக்க வேண்டும்.

1937இல் இத்தாலியின் மெதேயா நோர்சா ஒரு பானையோட்டைப் படித்து வெளியிட்டார். ஆப்பிள் தோப்பு, தூபம் புகையும் பலிபீடம், குளிர்ந்த நீரோட்டம் என விரியும் பாட்டு அதில் மையால் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துப்பிழைகள் மலிந்த எழுத்து அது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி யாரோ ஒருவர், ஒருவேளை மாணவராக இருக்கலாம், சொல்லக் கேட்டு ஓட்டில் எழுதிய பாடம். அந்தத் தவறான எழுத்துகளின் வழியாகத்தான் தோப்பின் நிழல் நமக்கு வந்தது.

துண்டுகளை எப்படிப் படிப்பது என்பதும் இருபதாம் நூற்றாண்டுக் கவிதையை மாற்றியது. கவி எஸ்ரா பவுண்டின் ஊக்கம் பெற்ற மேரி பார்னார்டு 1958இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, அலங்காரமற்ற பேச்சு நடையில் சாப்போவை எண்ணற்ற வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. 2002இல் ஆன் கார்சன், பாப்பிரஸ் கிழிந்த இடங்களைச் சதுர அடைப்புக்குறியால் காட்டி, வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டு அச்சிட்டார். முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் ஓட்டையைத் தங்கள் சரக்கால் அடைத்துத் தந்தார்கள். கார்சன் காட்டிய நேர்மை மேலானது.

இனி அண்மைக் காலம். 2004இல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத் தொகுப்பிலிருந்து ஒரு பாப்பிரஸ் வெளியிடப்பட்டது. மம்மியின் உறை செய்யப் பழைய தாளாகப் பயன்பட்டது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. சாப்போவின் பாப்பிரஸ்களிலேயே மூத்தது. முதுமையைப் பற்றிய பாட்டின் அடிகளின் இடப்பக்கம் அதில் பெரும்பாலும் இருந்தது. மீதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆக்ஸிரிங்கஸில் கிடைத்து 1922இல் எண்ணிட்டு வெளியான ஒரு துண்டில் அதே அடிகளின் வலப்பக்கம் எண்பத்திரண்டு ஆண்டுகளாக அச்சில் காத்திருந்தது. இரண்டையும் பொருத்தியதும், நரைத்த தலையையும் ஒருகாலத்தில் மான்குட்டிபோல் ஆடிய முழங்காலையும் பேசும் பன்னிரண்டு அடிகள் ஏறத்தாழ முழுதாயின.

2014இல் இன்னொரு பாப்பிரஸ் உலகச் செய்தியானது. அதில் காரக்ஸோஸ், லாரிகோஸ் பெயர்களோடு சகோதரர்களைப் பற்றிய பாட்டு ஐந்து செய்யுள்கள் முழுமையாக இருந்தது. சாப்போ அன்பர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அது யார் கையிலிருந்து, எந்த வழியாக வந்தது என்று சொல்லப்பட்ட விவரம் கேள்விக்குள்ளாகி, அந்த வரலாற்றைக் கூறிய கட்டுரையைப் பதிப்பகம் 2021இல் திரும்பப் பெற்றது. பாட்டின் மொழியும் யாப்பும் சாப்போவுடையவை என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். தாள் வந்த வழிதான் இருட்டு. எகிப்தின் மணலிலிருந்து களவாகவோ கள்ளச்சந்தையிலோ ஒரு துண்டு வெளியேறும்போது, அது எந்தக் குப்பையில், எந்த ஆவணங்களோடு கிடந்தது என்ற செய்தி அழிந்துபோகிறது. அதோடு சேர்ந்திருக்க வேண்டிய மற்றத் துண்டுகளும் சிதறுகின்றன. 1922இன் துண்டு 2004இன் துண்டோடு சேர முடிந்ததற்குக் காரணம், கிடைத்த ஊரும் தொகுதி எண்ணும் அதன்மேல் இருந்ததே. யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்ற நிலையில் அது வைக்கப்பட்டிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பெட்டிகளில் ஆக்ஸிரிங்கஸ் துண்டுகள் இலட்சக்கணக்கில் இன்னும் படிக்கப்படாமல் இருக்கின்றன. சாப்போவின் அடுத்த அடிக்கு ஏலக்கடையை எதிர்பார்க்கத் தேவையில்லை. அந்தப் பெட்டிகளைத் திறந்து படிக்கும் இளம் அறிஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும்.